கொடி நட்டிருந்த இடம்

எண்பதுகளின் நடுவில் ஒரு வைகாசி மாதம். உத்திரமேரூர் ஏரி அந்த வருடம் அடியோடு வற்றிக் கிடந்தது. அந்த வற்றிய ஏரிக்குள் ஒரு மாலை நேரத்தில் நான் செத்துப்போயிருக்க வேண்டியவள். இன்றைக்கும் ஈர மண் வாசனை மூக்கில் பட்டால் என் கால் விரல்கள் தாமாகவே மடங்கிக்கொள்கின்றன.

நான் அங்கே என்ன செய்துகொண்டிருந்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கோல்ஃப் பழகிக்கொண்டிருந்தேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

நான் சென்னைப் பெண். சிவில் டிப்ளமோ முடித்ததும் உத்திரமேரூர்ப் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில், கிராமச் சாலைகளுக்கும் சிறு பாலங்களுக்கும் வரைபடம் போடும் வேலை கிடைத்தது. ஓர் ஆசிரியர் வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். என் அப்பா சென்னையில் ஒரு கோல்ஃப் கிளப்பில் குமாஸ்தா. அந்த கிளப்பில் வருடத்துக்கு ஒருமுறை ஊழியர்களின் குடும்பத்தாருக்கும் ஒரு போட்டி வைப்பார்கள். முந்தைய வருடம் அப்பா ஆசையாக என் பெயரைக் கொடுத்திருந்தார். நான் அடித்த பந்து, போக வேண்டிய திசையை விட்டு வலது பக்கம் வளைந்து, டிபன் பரிமாறிக்கொண்டிருந்த பந்தலுக்குள் புகுந்து சட்னி வாளியில் விழுந்தது. எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் வீடு திரும்பும் வரை பஸ்ஸில் அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த முறை அவரைத் தலைநிமிர்ந்து உட்கார வைக்க வேண்டும் என்று அன்றைக்கே நினைத்துக்கொண்டேன்.

யாரோ ஒரு பெரிய மனிதர் வேண்டாமென்று அப்பாவிடம் கொடுத்துவிட்ட பழைய மட்டை ஒன்று எங்கள் வீட்டில் இருந்தது. நீளமான கம்பி, அதன் நுனியில் கொக்கி போல வளைந்த இரும்புத் தலை. அதையும் கொஞ்சம் பழைய பந்துகளையும் எடுத்துக்கொண்டுதான் உத்திரமேரூருக்கு வந்தேன்.

கோல்ஃப் பார்த்திராதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் என் முட்டாள்தனம் புரியாது. தூரத்தில் ஒரு சின்னக் குழி இருக்கும். குழி எங்கே இருக்கிறது என்று தெரிவதற்காக அதில் ஒரு கொடிக்கம்பை நட்டிருப்பார்கள். சுற்றிலும் வட்டமாகப் பசும்புல் வளர்த்திருப்பார்கள். அந்தக் கொடியைப் பார்த்துப் பந்தை அடிக்க வேண்டும். பிறகு கொடியை நோக்கி நடந்து போக வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

தண்ணீர் இல்லாத ஏரி எனக்காகவே போட்டு வைத்த மைதானம் போலத் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய தூரம் வெடித்த மண். அலுவலகம் முடிந்ததும் கரையேறி இறங்கி, புடவைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு அடிக்க ஆரம்பிப்பேன். என் ஆட்டத்தில் இருந்த குறைகளை வரிசைப்படுத்திப் பார்த்தேன். ஒன்று, தூரம் போகவில்லை. இரண்டு, நேராகப் போகவில்லை. காரணங்கள் மூன்று: இடுப்பைத் திருப்பாமல் கையால் மட்டும் அடிக்கிறேன், பந்து எங்கே போகிறது என்ற பதற்றத்தில் அடிபடும் முன்பே தலையைத் தூக்கிவிடுகிறேன், மட்டையை இறுக்கிப் பிடிக்கிறேன். கடைசியாகச் சொன்னதுதான் பெரிய குறை. “இறுக்கிப் புடிச்சா தூரம் போகாதும்மா” என்று அப்பா கிளப்பில் பார்த்ததை வைத்து அடிக்கடி சொல்வார். ஒவ்வொரு குறையாக எடுத்துக்கொண்டு திருத்தினேன். மெல்ல மெல்லப் பந்து நேராகப் போகத் தொடங்கியது.

நேராகப் போகிறதா என்று பார்க்க ஓர் அடையாளம் வேண்டுமே. அதுவும் தயாராக இருந்தது. ஏரியின் நடுப்பக்கம், நல்ல தூரத்தில், காய்ந்த கருவேலங்கொம்பு ஒன்றை யாரோ நட்டிருந்தார்கள். அதன் உச்சியில் ஒரு சிவப்புத் துணி. அதைச் சுற்றி மட்டும் கொஞ்சம் பசும்புல். அசல் கோல்ஃப் மைதானத்துக் கொடி போலவே இருந்தது. பார்த்ததும் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஆடு மேய்க்கிறவர்களோ, மண் வண்டிக்காரர்களோ ஏதோ அடையாளத்துக்கு வைத்திருப்பார்கள் என்று எண்ணி, அதற்கு மேல் யோசிக்கவில்லை. அதையே குறியாக வைத்துக்கொண்டேன். என் பந்துகள் அதற்கு வெகு முன்னாலேயே விழுந்துவிடும். அதனால் அந்தக் கொம்புக்குப் பக்கத்தில் நான் போக வேண்டிய அவசியமே வரவில்லை. நான் மோசமாக ஆடிய வரையில் எனக்கு ஆபத்து இல்லை.

கோடையில் அங்கே ஏரிக்குள் வண்டல் வெட்டி, மாட்டு வண்டியில் ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவார்கள். கரையோரமாக ஒரு வண்டி தினமும் நிற்கும். நடுத்தர வயதுப் பெண் ஒருவரும் இளைஞர் ஒருவரும் மண் வெட்டிக்கொண்டிருப்பார்கள். நான் வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு என்னையே பார்ப்பார்கள். ஒருநாள் சிரித்துக்கொண்டே அவர்கள் பக்கம் நடந்தேன். அவசரமாக வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கூச்சம் போல என்று விட்டுவிட்டேன்.

அந்த நாளைச் சொல்கிறேன். வெயில் இறங்கியிருந்தது, ஆனால் நல்ல வெளிச்சம். மட்டையைத் தளர்வாகப் பிடித்து, தலையைத் தூக்காமல், இடுப்பைத் திருப்பி வீசினேன். அடிபட்ட சத்தத்திலேயே தெரிந்தது, இது வேறு மாதிரியான அடி என்று. பந்து உயரே எழுந்து, கொஞ்சமும் வளையாமல், நேராக அந்தச் சிவப்புத் துணியை நோக்கிப் போய் இறங்கியது. எத்தனை மாதத்து உழைப்பு! வாய்விட்டுக் கத்தினேன்.

காய்ந்த ஏரித் தரையில் விழும் பந்து துள்ளித் துள்ளி ஓடும். இந்தப் பந்து துள்ளவில்லை. விழுந்த இடத்திலேயே நின்றது. நன்றாக ஆடுகிறவர்கள் பந்தைப் பின்பக்கமாகச் சுழல விட்டு, கொடிக்குப் பக்கத்திலேயே அப்படி நிறுத்துவார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார். அந்த வித்தையும் எனக்குக் கைவந்துவிட்டது என்று நினைத்தேன். மண்ணைப் பற்றி ஒரு முழுப் பாடம் படித்துத் தேறியவள் நான்!

மட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். வழியில் வண்டித் தடங்கள் தெரிந்தன. எல்லாத் தடமும் அந்தக் கொம்பைச் சுற்றி விலகி வளைந்து போயிருந்தது. ஏரியிலேயே பச்சைப் புல் இருந்த ஒரே இடத்தில் ஓர் ஆட்டின் காலடி கூட இல்லை. இரண்டையும் என் கண் பார்த்தது. மனம் மட்டும் பந்தின் மேல் இருந்தது.

புல்லில் கால் வைத்தபோது மெத்தை போல அமுங்கியது. இன்னும் ஓர் அடி வைத்தேன். தரை ஒட்டுமொத்தமாக ஆடியது. மேலே காய்ந்திருந்த ஏடு பிளந்து, நான் தொடை வரை உள்ளே போனேன்.

முதலில் பயம் வரவில்லை. சேறு, அவ்வளவுதானே என்று வலது காலை இழுத்தேன். இடது கால் இன்னும் ஆழமாக இறங்கியது. இடது காலை இழுத்தேன். இடுப்பு வரை வந்துவிட்டது. சேறு ஐஸ் போலக் குளிர்ந்திருந்தது. ஈரமான புடவை இரண்டு கால்களையும் சேர்த்துக் கட்டுப் போட்டது போலச் சுற்றிக்கொண்டது. அப்போதுதான் வந்தது பயம். கத்த வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது.

எனக்குப் பயம் வந்தால் பட்டியல் போடும் வழக்கம். கையில் என்ன இருக்கிறது? மட்டை. சுற்றிலும் பிடிக்க என்ன இருக்கிறது? அந்தக் கொம்பு. கை நீட்டிப் பற்றினேன். வேரில்லாத கொம்பு, சிவப்புத் துணியோடு என் பக்கமே சாய்ந்து விழுந்தது. பாரத்தைப் பரப்பினால் அமிழ்வது குறையும் என்று படித்ததைக் கொண்டு, மட்டையைச் சேற்றின் மேல் படுக்க வைத்து, அதன் மேல் இரண்டு கைகளையும் விரித்து வைத்தேன். ஆனாலும் இறங்கிக்கொண்டே இருந்தேன். சேறு மார்புக்கு வந்தது. மூச்சை இழுத்தால் உள்ளே இடம் போதவில்லை. அந்த நேரத்தில் காலுக்கடியில் ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. கல்லைப் போலக் கெட்டியாகவும் இல்லை, சேறு மாதிரி இளகவும் இல்லை. ஏதோ ஒரு மேடு. அதன் மேல் நின்றேன். இறங்குவது நின்றது.

அப்போதுதான் குரல் வந்தது. கத்தினேன். வண்டிக்குப் பக்கத்தில் இருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா என் பக்கமாக ஓட முயன்றார். இளைஞர் அவர் கையைப் பிடித்து நிறுத்தினார். எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. பிடித்து நிறுத்தி ஏதோ சொன்னார். இருவரும் அங்கேயே நின்றார்கள். சேற்றில் விழுந்ததை விட அந்த நிமிடம்தான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. அங்கே இருந்த இரண்டே மனிதர்கள், நான் சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்கப் போகிறார்கள்.

பிறகு அந்த அக்கா கையை உதறிக்கொண்டு ஓடி வந்தார்.

“யம்மா! ஒதைக்காத! ஆடாம நில்லு! ஒதைச்சா இன்னும் உள்ள இஸ்துக்கும்!”

பின்னாலேயே இளைஞரும் வந்தார். “அண்ணி, கிட்ட போவாத! நீயும் பூடுவ!”

“சும்மா கெடடா. வண்டிப் பலகய கயட்டிக்கினு வா. கவுறும் எட்தா. ஓடு!”

பலகை வந்தது. அதைச் சேற்றின் மேல் தள்ளி, அந்த அக்கா வயிற்றைப் பலகையில் அழுத்தித் தவழ்ந்தார். அவர் கைகள் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. பலகை முடியும் இடத்துக்கும் எனக்கும் நடுவே இரண்டு ஆள் நீளம் மிச்சம் இருந்தது. இனி கயிறுதான்.

இளைஞர் கயிற்றைச் சுருட்டி எறிந்தார். பாதி வழியிலேயே விழுந்தது. மறுபடி எறிந்தார். தூரம் வந்தது, ஆனால் வலது பக்கம் ஒதுங்கிப் போனது. தூரம் இல்லை, குறி இல்லை. மாதக் கணக்கில் நான் திருத்திய அதே இரண்டு குறைகள். என் உயிர் இப்போது இன்னொருவருடைய தூரத்திலும் குறியிலும் தொங்கிக்கொண்டிருந்தது.

“நுனியில ஒரு கல்லு கட்டி எறிடா!” என்றார் அக்கா.

“மண்டைல பட்டா பேஜாராயிடும் அண்ணி!”

அவர் கயிற்றை முஷ்டி வெளுக்க இறுக்கிப் பிடித்திருந்தார். என்னை அறியாமலே வாய் திறந்தேன். “அண்ணா, இறுக்கிப் பிடிக்காதீங்க. கயித்தப் பாக்காதீங்க, என்னப் பாருங்க. தளர்த்தி வீசுங்க.”

“சேத்துல கீறப்ப கூட ஆர்டர் போடுது பாரு ஆபீசு!” என்றார் அக்கா, மூச்சு வாங்க.

அந்த முறை கயிறு நேராக வந்தது. ஆனால் கைக்கு எட்டவில்லை. ஒரு முழம் குறைவு. கைக்கு அடியில் கிடந்த மட்டையை எடுத்து நீட்டினேன். ஊன்றியிருந்ததை எடுத்ததும் சேறு கழுத்தெலும்பைத் தொட்டது. மட்டையின் வளைந்த இரும்புத் தலையால் கயிற்றைக் கொக்கி போட்டு, கொஞ்சம் கொஞ்சமாக என் பக்கம் இழுத்தேன். கயிறு கைக்கு வந்ததும் மட்டையை விட்டுவிட்டேன். அது ஓசையில்லாமல் உள்ளே போனது. கயிற்றை அக்குளுக்கடியில் சுற்றி முடிச்சுப் போட்டேன். வாழ்க்கையில் இறுக்கிப் பிடித்தது தப்பாகாத ஒரே நேரம் அதுதான்.

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். நான் அசையவில்லை. விலா எலும்பு நொறுங்குவது போல வலித்தது.

“மாட்ட பூட்டலாமா அண்ணி?”

“இடுப்பு ஒட்ஞ்சி பூடும்டா. இன்னாமோ புட்ச்சிக்கினு கீது.” அக்கா என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. “பொடவதான். யம்மா, பொடவய அவுத்து வுட்டுடு.”

நான் இளைஞரைப் பார்த்தேன். சிரிப்பீர்களோ என்னவோ, சாவு கழுத்து வரை வந்துவிட்ட நிலையிலும் எனக்குத் தயக்கம் வந்தது. அக்கா அதையும் புரிந்துகொண்டார்.

“டேய், அந்தாண்ட திரும்பு. கவுற தோள்ல போட்டுக்கினு இசு. நான் சொல்ற வரைக்கும் திரும்பின, இருக்குது உனக்கு!”

அவர் சட்டென்று திரும்பி, வண்டி மாடு போலக் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றார். நான் சேற்றுக்குள் கை விட்டுத் தேடித் தேடிக் கொசுவத்தை உருவினேன். புடவை தளர்ந்தது. அவர் முதுகைக் காட்டிக்கொண்டே இழுத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து நான் பலகைக்குக் கிட்டே வந்ததும், அக்கா அதில் படுத்தபடி என் கையைப் பற்றினார். சேறு ஒரு பெரிய சத்தத்தோடு என்னை விட்டது. பலகை மேல் முகம் குப்புற விழுந்தேன். எனக்குப் பின்னால் சேறு மெதுவாக ஒன்றுகூடி, நான் இருந்த இடத்தை மூடிக்கொண்டது. அதைத் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாது. இன்றும் கனவில் வருவது அந்தக் காட்சிதான்.

மண் அள்ளும் கோணியை என் மேல் சுற்றிவிட்டார் அக்கா. இளைஞரைத் தன் வீட்டுக்கு அனுப்பி ஒரு புடவை எடுத்துவரச் சொன்னார். அவர் வரும் வரை நாங்கள் இருவரும் வண்டிச் சக்கரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தோம். என் பற்கள் குளிரில் அடித்துக்கொண்டன.

“கொம்பு நட்டு துணி கட்டி வெச்சிகீதே, கண்ணு தெரில?” என்றார்.

“கொடின்னு நெனச்சேன் அக்கா.”

“கொடியா? இன்னா கொடி? எந்தக் கட்சி?”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. விளையாட்டைப் பற்றிச் சொன்னேன். அவர் முகத்தில் நம்பிக்கையே இல்லை. “குழில கொடி நட்டு, அதப் பாத்து நடந்து போவாங்களா? ஏம்மா, குழி கீதுன்னு கொடி நட்டா வெலகி இல்ல போவணும்?”

பிறகு தயங்கித் தயங்கி அவர் சொன்னதைக் கேட்டுத்தான் எனக்கு எல்லாமே விளங்கியது. அந்தப் பள்ளம் இவர்கள் முந்தைய கோடையில் வண்டல் வெட்டியதால் உண்டானது. மார்கழியில் பெய்த கொஞ்ச மழையில் சேறு நிரம்பி, மேலே காய்ந்து, மூடி போட்டது போல ஆகிவிட்டது. வண்டல் எடுக்க அனுமதிச் சீட்டு வேண்டும். இவர்களிடம் இல்லை. அலுவலகத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி தினமும் சாயங்காலம் வந்து, அந்தப் பள்ளத்தை நோக்கியே எதையோ அடித்து அடித்துப் பார்ப்பதைக் கண்டதும், ஏரியை அளக்கிறேன், கேஸ் போடப் போகிறேன் என்று நினைத்துவிட்டார்கள்.

“கிட்ட வந்து சொல்லலாம்னு தாம்மா இர்ந்தேன். என் கொழுந்தன் வாணாம்னுட்டான். பள்ளம் யாரு வெட்னதுன்னு கேப்பியேன்னு பயம். இன்னிக்கும் கைய புட்ச்சி நிறுத்திட்டான். நாங்க கிட்ட நிக்கறப்ப நீ உள்ள பூட்டா பழி எங்க தலைல தான் வியும்னு.”

“அப்புறம் ஏன் வந்தீங்க?”

“நீ கத்துறது காதுல வியுதே, இன்னா பண்றது?” என்றவர், கோணியை என் தோளில் இன்னும் இழுத்து விட்டபடி சொன்னார். “மழ பேஞ்ச அப்பால எங்க கன்னுக்குட்டி ஒண்ணு அதுல பூட்ச்சி. இதே மாதிரி கத்திச்சி. எடுக்க முடில. உள்ளயே கீது. அதுக்கப்புறம் தான் கொம்பு நட்டு, என் பொடவய கியிச்சி கட்னேன்.”

என் காலுக்கடியில் தட்டுப்பட்டதை நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி அவரிடம் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது எழுதும்போதுதான் முதல் முறையாகச் சொல்கிறேன்.

இளைஞர் புடவை கொண்டுவந்து தூரத்தில் வைத்துவிட்டு, யாரும் சொல்லாமலே அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். இருட்டுவதற்குள் இருவரும் என்னைக் கரை வரை கொண்டுவந்து விட்டார்கள். பிரியும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, “ஆபீசுல சொல்லிடாத யம்மா” என்றார். என் உயிரை எனக்குத் திருப்பிக் கொடுத்துவிட்டு என்னிடமே கெஞ்சினார். நான் சொல்லவில்லை. மறுநாள் மாலை மூவருமாகச் சேர்ந்து கருவேல முள்ளை வெட்டி அந்தப் பள்ளத்தைச் சுற்றி வேலி போட்டோம். பக்கத்தில் போக என் கால் மறுத்தது. தூர நின்று முள்ளை எடுத்துக் கொடுத்ததுதான் நான் செய்த வேலை. கெட்டித் தரையாகப் பார்த்து அக்கா இன்னொரு கொம்பை நட்டார். “இந்தா, இத அடி” என்றார். மட்டைதான் ஏரிக்குள் போய்விட்டதே!

ஆடி மாதம் சென்னையில் போட்டி நடந்தது. இரவல் மட்டையோடு போனேன். பந்து நேராகப் போய்க் கொடிக்குப் பக்கத்தில் பசும்புல்லில் விழுந்தது. கை தட்டினார்கள். அப்பா எழுந்தே நின்றுவிட்டார். நான் நடந்து போய் அந்தப் புல்வட்டத்தின் விளிம்பில் நின்றுவிட்டேன். அடுத்த அடி வைக்க முடியவில்லை. செருப்பைக் கழற்றி, கால் விரலால் தரையை அழுத்திப் பார்த்தேன். கெட்டியாகத்தான் இருந்தது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்காமல் வந்து, என்ன ஏது என்று கேட்காமல், எனக்கு முன்னால் அந்தப் புல்லில் நடந்து காட்டினார். அவர் கால் பதிந்த இடங்களில் கால் வைத்துப் போனேன். பரிசு கிடைக்கவில்லை. ஆனால் திரும்பும்போது பஸ்ஸில் அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார்.

வேலையில் இப்போதும் புதிய இடத்துக்குப் போனால் வரைபடத்தை விரிக்கும் முன், வண்டித் தடங்கள் எந்தப் பக்கம் வளைகின்றன என்று பார்க்கிறேன். நட்டு வைத்த கொம்பு இருந்தால் யார் நட்டது என்று கேட்கிறேன். அந்தப் பயம் என்னை விட்டு முழுதாகப் போகவில்லை, போக வேண்டும் என்று நான் நினைக்கவும் இல்லை. ஏனென்றால் அந்தச் சாயங்காலம் ஏரிக்குள் இருந்த மூன்று பேருக்குமே பயம்தான்; என்னையும் அந்தப் பள்ளத்தையும் கண்ட பயம் துளியும் தீராமலேயே அந்த அக்கா பலகையில் தவழ்ந்து வந்து நடுங்கும் கையை என் பக்கம் நீட்டினார்.